கண்ணாற் கண்டதே மெய்யோ? காமிராக் குவியம் பற்றி ஒரு மறுப்பு

நம்மவருள் காமிரா பழகும் இளைஞர் தொகை இன்று சிறிதன்று. டவுனில் மட்டுமின்றித் தோட்டத்திலும் திருமணம், காதணி விழா, கோயில் திருவிழா எதுவாயினும் நம் பிள்ளைகளே படமெடுக்கின்றனர். அவர்களுட் சிலர் பழைய பிலிம் காமிராக்களைத் தேடிப் பிடித்து, யந்திரத்தை நம்பாமல் தம் கையாலேயே குவியம் வைத்துப் படமெடுக்க முற்பட்டிருப்பது பாராட்டத்தக்கதே. ஆயின் இவர்களிடையே ஒரு சித்தாந்தம் வேரூன்றி வருகின்றது. “எஸ்.எல்.ஆர். காமிராவில் லென்ஸின் வழியாகவே பார்க்கின்றோம். பார்த்தபடியே படம் விழுகின்றது. ஆகவே அது பொய் சொல்லாது. ரேஞ்ச்பைண்டரோ லென்ஸுக்குப் புறம்பான ஒரு ஜன்னலின் வழியே பார்த்துத் தூரத்தை ஊகிப்பது, பாட்டன் காலத்துச் சரக்கு” என்பதே அச்சித்தாந்தம். கடைக்காரர் இதை ஓதுகின்றார், வாங்குபவர் தலையாட்டுகின்றார், பின்னர் அவரே பிறர்க்கு ஓதுகின்றார். தோட்ட ஆபீசில் கணக்கெழுதிப் பிழைக்கும் ஒரு கிராணி இதை மறுக்கப் புகுந்தமை சிலர்க்கு நகைப்பை விளைக்கலாம். நகைப்பவர் நகைக்கட்டும். கணக்கைப் பார்த்துவிட்டு நகைக்கட்டும் என்பதே என் வேண்டுகோள்.

கண்ணாற் கண்டதும் பொய், காதாற் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் பாட்டிமார் சொல்லி வைத்தனர். குவியம் வைப்பது பார்க்கும் காரியமன்று, அளக்கும் காரியம். பொருளுக்கும் பிலிமுக்கும் இடையே உள்ள தூரம் இத்தனை என்று அறிந்து அதற்கேற்ப லென்ஸை நகர்த்துவதன்றி அதில் வேறொரு மாயமும் இல்லை. ரப்பர்த் தோட்டத்து வழக்கம் நம்மில் பலர் அறிந்ததே. பால்மரம் வெட்டுபவர் கொண்டு வந்த வாளியை வெறுங் கண்ணாற் பார்த்து, ‘இது இத்தனை கிலோ’ என்று ஒரு கிராணி எழுதினால் எந்தத் தொழிலாளி ஒப்புவார்? தராசு வேண்டும். பாலில் ரப்பர் எவ்வளவு, நீர் எவ்வளவு என்று காட்ட மெட்ரோலாக் வேண்டும். நீர் கலந்த பாலும் கண்ணுக்கு வெள்ளைதானே! வாளி விஷயத்தில் கண்ணை நம்பாத நாம், காமிரா விஷயத்தில் மட்டும் கண்ணே பிரமாணம் என்று சாதிப்பதேன்?

எஸ்.எல்.ஆர். காமிராவில் நடப்பது என்ன? லென்ஸின் வழி வந்த ஒளியைச் சாய்ந்து நிற்கும் ஒரு கண்ணாடி மேல்நோக்கித் திருப்புகின்றது. மேலேயுள்ள தேய்த்த கண்ணாடித் திரையில் பிம்பம் விழுகின்றது. அதன்மேல் உள்ள ஐங்கோணப் பட்டகம் அப்பிம்பத்தை நேராக்கி நம் கண்ணுக்குத் தருகின்றது. லென்ஸைத் திருகத் திருகப் பிம்பம் மங்கித் தெளிந்து மீண்டும் மங்கும். மிகத் தெளிந்த இடம் எதுவெனத் தீர்ப்பளிக்க வேண்டியது நம் கண். இங்கே அளவுகோல் ஏதும் இல்லை. தெளிவு என்பது படிப்படியாக வந்து படிப்படியாகப் போவது. இந்த நொடியில் வந்தது, இந்த நொடியில் போனது என்று கோடு கிழிக்க இயலாதது. தீர்ப்பளிக்கும் கண்ணோ வெளிச்சம் குறைந்தால் மழுங்குவது, வயதேறினால் தளர்வது, அவசரத்தில் ஏமாறுவது.

ரேஞ்ச்பைண்டர் செய்வது வேறு. காமிராவின் முன்புறத்தில் ஒன்றுக்கொன்று விலகி இரு ஜன்னல்கள் உள. ஒன்றன் வழியே நாம் நேரே பார்க்கின்றோம். மற்றதன் வழி வரும் பிம்பம், லென்ஸோடு இணைந்து அசையும் ஒரு கண்ணாடியாலோ பட்டகத்தாலோ திருப்பப்பட்டு, நம் பார்வையின் நடுவே சிறு கட்டமாக மேற்படிகின்றது. குவியம் தவறினால் முகம் இரண்டாகத் தெரியும்; லென்ஸைத் திருகினால் இரண்டும் நெருங்கி ஒன்றாகும்; ஒன்றானபோது தூரம் அளந்தாயிற்று. நில அளவையாளர் ஆற்றுக்கு அக்கரையிலுள்ள மரத்தின் தூரத்தை இக்கரையில் நின்றபடியே காண்கின்றாரே, அந்த முக்கோணக் கணிதந்தான் இது. அவருடைய அடிக்கோடு எத்துணை நீளமோ அத்துணைத் துல்லியம் கிட்டும். காமிராவின் இரு ஜன்னல்களுக்கிடையே உள்ள தூரமே இங்கு அடிக்கோடு. இரு கோடுகள் ஒன்றோடொன்று பொருந்தினவா இல்லையா என்று காண்பதில் மனிதக் கண் மிகக் கூர்மையானது. மங்கலா தெளிவா என்று காண்பதில் அதற்கு அக்கூர்மை இல்லை.

இவ்விரண்டின் வரலாற்றையும் சற்றுப் பார்ப்போம். லைக்கா 1925இல் சந்தைக்கு வந்தபோது தூரத்தைக் குத்துமதிப்பாகவோ தனிக் கருவி கொண்டோ அறிந்து லென்ஸில் வைக்க வேண்டியிருந்தது. லென்ஸோடு இணைந்த ரேஞ்ச்பைண்டரை லைக்காவும் கான்டாக்ஸும் 1932இல் கொணர்ந்தன. எஸ்.எல்.ஆரும் அதே ஜெர்மனியில் உடன் வளர்ந்ததுதான்: கினே எக்ஸாக்டா 1936இல் டிரெஸ்டன் நகரத்திலிருந்து வந்தது. பட்டகம் பொருத்திய கான்டாக்ஸ் எஸ் 1949இல் வந்தது. ஆகவே ஒன்று பாட்டன், மற்றது பேரன் என்னும் கதையே பிழை. இருவரும் ஏறத்தாழ ஒரே காலத்துப் பங்காளிகள். 1957இல் ஆசாஹி பென்டாக்ஸும் 1959இல் நிக்கான் எப்பும் ஜப்பானிலிருந்து வந்தபின் பத்திரிகைக்காரர் கைகளிலிருந்து ரேஞ்ச்பைண்டர் மெல்ல நழுவியது உண்மை. ஆயின் ஏன் நழுவியது? தூரத்து விளையாட்டு வீரனை அருகிழுக்கும் நெடிய லென்ஸ்கள், பூவின் மகரந்தத்தை நெருங்கும் லென்ஸ்கள், இழுத்துச் சுருக்கும் ஜூம் லென்ஸ்கள் ஆகிய இவற்றுக்கெல்லாம் லென்ஸ் வழிப் பார்வை இன்றியமையாதது. எஸ்.எல்.ஆர். வென்றது அந்தக் களத்தில். அங்கே பெற்ற வெற்றியைக் காட்டி, திருமண மேடைக்கு முன் எட்டடித் தூரத்தில் 35 மில்லிமீட்டர் லென்ஸோடு நிற்பவனிடம் “உன் கருவி தோற்ற கருவி” என்பது எவ்வகை நியாயம்?

இனிக் கணக்கு. ரேஞ்ச்பைண்டரின் பயன்தரும் அடிக்கோடு என்பது ஜன்னல்களின் இடைவெளியைப் பார்வையின் உருப்பெருக்கத்தாற் பெருக்கி வருவது. 1954இல் வந்த லைக்கா எம்3க்கு இது ஏறக்குறைய 62 மில்லிமீட்டர். 0.72 உருப்பெருக்கமுடைய எம்6க்கு ஏறக்குறைய 50. எந்த லென்ஸை மாட்டினாலும் இந்த எண் மாறுவதில்லை. 28க்கும் அதுவே, 90க்கும் அதுவே.

எஸ்.எல்.ஆருக்கு அடிக்கோடு இல்லையோ எனின், உண்டு. லென்ஸின் வாய் அகலமே அதன் அடிக்கோடு. வாயின் இடக்கோடியில் நுழைந்த ஒளியும் வலக்கோடியில் நுழைந்த ஒளியும் திரையில் ஒரே புள்ளியிற் சேராவிடில் மங்கல், சேர்ந்தால் தெளிவு. வாய் அகலத்தைத் திரைப்பார்வையின் உருப்பெருக்கத்தாற் பெருக்கிப் பாருங்கள். 50 மி.மீ. லென்ஸுக்கு உருப்பெருக்கம் 0.8 என்று கொள்வோம். எப் 1.4 திறப்புடைய 50 மி.மீ. லென்ஸின் வாய் 36 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. பெருக்கினால் ஏறக்குறைய 28. எப் 2 திறப்புடைய 35 மி.மீ. லென்ஸுக்கு வாய் பதினேழரை. லென்ஸ் குறுகியதால் பார்வையும் 0.56 ஆகச் சிறுத்துவிடுகின்றது, வருவது 10. எப் 2.8 திறப்புடைய 28 மி.மீ. லென்ஸுக்கு வருவது வெறும் நாலரை! ஐம்பது எங்கே, நாலரை எங்கே? மறுபுறம் 90 மி.மீ., எப் 2.8 லென்ஸுக்கு 46, ஏறக்குறைய சமம். 200 மி.மீ., எப் 4 லென்ஸுக்கோ 160. இங்கே ரேஞ்ச்பைண்டர் கிட்ட நிற்க முடியாது. எல்லைக்கல் 90 மில்லிமீட்டர் அருகில் நிற்கின்றது. அதற்கு இப்பால் ரேஞ்ச்பைண்டரின் நாடு, அப்பால் எஸ்.எல்.ஆரின் நாடு.

“குறுகிய லென்ஸுக்குத் தெளிவின் ஆழம் மிகுதி, சிறு பிழை தெரியாது” என்று உடனே ஒரு மறுமொழி வரும். பகலில் துவாரத்தைச் சுருக்கி எடுப்பவர்க்கு அது சரியே. தோட்டத்து மண்டபத்தில், இரவு எட்டு மணிக்கு, இரண்டு குழல்விளக்குகளின் கீழ் எடுப்பவர்க்குச் சரியாகுமா? 35 மி.மீ. லென்ஸ், எப் 2 முழுத்திறப்பு, மணமகள் இரண்டு மீட்டர் தூரம். பழைய வழக்கப்படி கணக்கிட்டாலும் முன்னும் பின்னுமாக இருபது சென்டிமீட்டரே மன்னிப்பு. ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கைப் பிரித்தறியும் நல்ல கண் எஸ்.எல்.ஆர். திரையில் ஏறக்குறைய பன்னிரண்டு சென்டிமீட்டர் பிழை செய்யலாம். வெளிச்சம் குறைந்து கண்ணின் கூர்மை பாதியானால் பிழை இருபத்து நான்கு. போயிற்று! மணமகளின் கண்கள் மங்க, பின்னே தொங்கும் ஜரிகைத் திரையின் பூக்கள் ஒவ்வொன்றும் எண்ணத்தக்கபடி படத்தில் விழும். அதே கண், அதே இருட்டு, ஐம்பது மி.மீ. அடிக்கோடுடைய ரேஞ்ச்பைண்டர் எனின் பிழை ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டாது. இத்தகைய படங்களை நான் பல வீட்டுச் சுவர்களிற் கண்டிருக்கின்றேன். பெற்றோர் அதை மாலையிட்டுக் கண்ணாடிச் சட்டத்திற் போட்டு வைத்திருக்கின்றனர். மங்கலான முகத்தைக் காட்டி ‘இதுதான் எங்கள் பெண்’ என்கின்றனர். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, தோட்டம் துண்டாடப்பட்டு, லயங்கள் இடிக்கப்பட்ட இடங்களில் அந்த மனிதர்களுக்கு எஞ்சியிருப்பவை இத்தகைய பத்துப் பன்னிரண்டு படங்களே. குவியத்தைப் பற்றி ஏன் இத்தனை சண்டை என்று கேட்பவர்க்கு இதைத் தவிர வேறு விடை எனக்கு வேண்டியதில்லை.

இருட்டைப் பற்றி இன்னும் ஒரு சொல். எஸ்.எல்.ஆரில் கண்ணுக்கு வரும் ஒளி லென்ஸைக் கடந்து வருவது. லென்ஸின் வாய் சிறிதாயின் திரையும் இருளும். ரேஞ்ச்பைண்டரின் ஜன்னலுக்கு லென்ஸோடு சம்பந்தமே இல்லை. எப் 4 லென்ஸை மாட்டினாலும் பார்வை அதே வெளிச்சந்தான். அன்றியும் படம் விழும் அந்த நொடியில் எஸ்.எல்.ஆரின் கண்ணாடி மேலெழும்பிப் பார்வையை மறைத்துவிடுகின்றது. ‘கண்டதே மெய்’ என்போர், வேண்டிய அந்த ஒரு நொடியை மட்டும் காண்பதில்லை! 1948 ஜனவரியில் காந்தியடிகள் கொலையுண்ட இரவில், பிர்லா மாளிகை வாயிலில் நேரு அச்செய்தியை அறிவிப்பதைப் படமாக்கிய பிரெஞ்சுக்காரர் ஆன்ரி கார்ட்டியே-பிரெஸ்ஸோன் லைக்காவைத் தம் கையின் ஒரு விரல்போல் பழகியவர். அந்த ஆண்டிலிருந்த எஸ்.எல்.ஆரையோ இடுப்பருகே பிடித்து, குனிந்து திரையைப் பார்க்க வேண்டும். அந்தக் கூட்டத்தில், அந்த இருட்டில் அதைக் கொண்டு யார் என்ன கண்டிருப்பார்?

சிலர் இதற்கும் அடங்குவதில்லை. “எங்கள் திரையின் நடுவே பிளவுபட்ட வட்டம் இருக்கின்றதே! கோடு இரண்டாக வெட்டுண்டு, குவியத்தில் ஒன்றாகின்றதே! அதுவும் பொருத்துவதுதானே?” என்பர். நன்று. கண் மட்டும் போதாது, கோடு பொருத்த வேண்டும் என்பதை நீங்களே ஒப்புக்கொண்டீர்கள்! எஸ்.எல்.ஆரின் வயிற்றுக்குள் ஒரு சின்ன ரேஞ்ச்பைண்டரை வைத்துக்கொண்டு, ரேஞ்ச்பைண்டர் பழஞ்சரக்கு என்பதை என்னென்பது! அந்தப் பிளவு வட்டத்தின் ஆப்புக் கண்ணாடிகள் லென்ஸின் முழு வாயையும் பயன்படுத்துவனவல்ல; ஒரு சிறு பகுதியின் ஒளியையே எடுக்கின்றன. ஆதலின் உங்கள் லென்ஸ் எப் 1.4 ஆயினும் அடிக்கோடு அதற்கேற்ப நீள்வதில்லை. எப் 5.6 அளவிலான லென்ஸை மாட்டினாலோ வட்டத்தின் ஒரு பாதி கறுத்துப்போகும்.

1985இல் மினோல்டா 7000 வந்து, காமிரா தானே குவியம் வைக்கும் காலம் பிறந்தபின் நேர்ந்தது இன்னும் வேடிக்கை. கை வேலைக்கான பிளவு வட்டத்தை இத்தகைய காமிராக்களினின்றும் எடுத்துவிட்டனர். திரையை வழவழப்பாக்கிப் பளிச்சென்று ஆக்கினர். இத்திரைகள் பெரும்பாலும் எப் 2.8 அளவிலான ஒளிக்கற்றையையே கண்ணுக்கு அனுப்புகின்றன. எப் 1.4 லென்ஸை மாட்டி முழுத்திறப்பில் பார்த்தாலும் நீங்கள் காண்பது எப் 2.8இன் தெளிவாழம். படம் விழுவதோ எப் 1.4இல். திரையில் மூக்கும் கண்ணும் காதும் தெளிவாகத் தெரிய, படத்தில் காது மட்டும் தெளிந்திருக்கும். பார்த்தபடியே படம் விழுகின்றது என்ற பெருமை எங்கே போயிற்று? டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். வாங்கி, அதில் பழைய லென்ஸைப் பூட்டி, வெறுங் கண்ணால் திரையில் குவியம் வைத்து, ‘லென்ஸ் சரியில்லை’ என்று திரும்ப விற்றுவிட்ட பிள்ளைகள் எத்தனை பேர்! லென்ஸின்மேற் பிழையில்லை. திரை அவர்களை ஏமாற்றியது.

இதனால் ரேஞ்ச்பைண்டர் குற்றமற்ற தெய்வம் என்று நான் கூறவில்லை. எம்6இல் 135 மி.மீ. லென்ஸை எப் 2.8இல் திறந்து மூன்று மீட்டரில் நிற்பவரை எடுத்தால், மன்னிப்பு நான்கு சென்டிமீட்டர், பிழையோ ஐந்து வரை போகும். அங்கே அது தோற்கின்றது. லைக்காக்காரர்களே இதை உணர்ந்து தங்கள் எப் 2.8 திறப்புடைய 135 லென்ஸுக்கு முன்னால் பெருக்கிக் காட்டும் மூக்குக்கண்ணாடி ஒன்றை மாட்டி விற்றனர். பழைய ரேஞ்ச்பைண்டர் லென்ஸ்களிற் பெரும்பாலானவை எழுபது சென்டிமீட்டர் அல்லது ஒரு மீட்டருக்குக் கிட்ட நெருங்கா. பூவும் பூச்சியும் எடுப்பவர் அதைத் தொடவே வேண்டாம். வரிசையாக நட்ட பால்மரத் தண்டுகளைப் போல் ஒரே மாதிரியான நெடுங்கோடுகள் பல இருப்பின், ஒரு மரத்தின் பிம்பம் பக்கத்து மரத்தோடு பொருந்திப் பொய் சொல்லும். கிடைக்கோடுகள் மட்டுமே உள்ள பொருளிற் பொருத்துவதற்கு ஒன்றுமில்லை. காமிராவைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். கீழே விழுந்து அடிபட்டால் அளவு பிசகும். பிசகியது பார்வையிற் புலப்படாமலும் போகலாம். இவை குறைகள். தராசின் படிக்கல்லும் தேயுந்தான், சோதித்துச் சரிசெய்கின்றோம், அதற்காக வாளியைக் கண்ணால் எடைபோடத் தொடங்குவதில்லை.

மற்றொரு கூட்டத்தாரைச் சொல்லாமல் விட்டால் நான் பட்சபாதி ஆவேன். அவர்கள் சிவப்புப் பொட்டின் பக்தர்கள். ரேஞ்ச்பைண்டர் என்றால் லைக்கா. லைக்கா இல்லையேல் கலை இல்லை. இதுவே அவர்கள் மதம். 2022இல் லைக்கா எம்6 மீண்டும் வெளிவந்தபோது பல மாதச் சம்பளத்தைக் கொட்டத் துடித்தவர்களை நான் அறிவேன். இவர்களுக்கும் கணக்கே விடை. 1936இல் வந்த கான்டாக்ஸ் இரண்டாம் மாதிரிக்கு ஜன்னல் இடைவெளி 90 மில்லிமீட்டர். பயன்தரும் அடிக்கோடு ஏறக்குறைய 67. இது எம்3ஐயும் மிஞ்சியது. இரண்டாம் உலகப் போருக்குப்பின் சோவியத்தார் அந்தக் கான்டாக்ஸ் யந்திரங்களைப் போர் ஈடாக எடுத்துச் சென்று கீவ் நகரில் அதே காமிராவைச் செய்தனர். கீவ் என்ற அதே பெயரால் அது விற்கப்பட்டது. இன்று பழஞ்சரக்குக் கடையில் லைக்காவின் விலையில் ஒரு சிறு பங்குக்குக் கிடைக்கும். அளக்கும் அடிக்கோடு அதற்கு லைக்காவைவிட நீளம்! நன்றாக நடப்பது ஒன்றைப் பொறுக்கி எடுக்கச் சிறிது பொறுமை வேண்டும், அவ்வளவே. அதுவும் வேண்டாமெனின் கேனன் கானனெட்டும் யாஷிகா எலெக்ட்ரோ 35உம் உள. அவற்றின் அடிக்கோடு குறுகியதே. ஆயின் நிலையாகப் பூட்டிய லென்ஸும் 40, 45 மில்லிமீட்டர் என்பதால் அதற்கு அது போதும். சிவப்புப் பொட்டு தூரத்தை அளப்பதில்லை.

ரேஞ்ச்பைண்டரைப் பழையது என்று இகழ்ந்தவர்க்கு இன்று நேர்ந்துள்ள நிலையும் கவனிக்கத்தக்கது. கேனனும் நிக்கானும் தங்கள் உச்ச எஸ்.எல்.ஆர். காமிராக்களை 2020இல் வெளியிட்டபின், கண்ணாடியே இல்லாத காமிராக்களின் பக்கம் சாய்ந்துவிட்டன. இப்புதியவற்றில் பிம்பத்தைப் பத்து மடங்கு பெருக்கிக் குவியம் பார்க்கலாம். அதன் துல்லியத்தை நான் மறுக்கவில்லை. ஆயின் பெருக்கிப் பார்க்கும்போது கண் இமை ஒன்றுதான் தெரியும். முகம் சிரித்ததா, தாலி ஏறியதா என்பது தெரியாது. ஓரங்களுக்குச் சிவப்பு வண்ணம் தீட்டித் தெளிவைக் காட்டும் முறையும் உண்டு. அது மாறுபாடு மிக்க ஓரத்தைத் தீட்டுகின்றது. முகத்தைக் காட்டிலும் ஜரிகைத் திரையே அதற்குப் பிரியம்.

பழைய ரேஞ்ச்பைண்டர் வாங்கச் செல்வோர் கடைக்காரர் சொல்லைக் கேட்டுத் தலையாட்டாமல் மூன்றைச் சோதித்துக்கொள்ளுங்கள். முதலாவது, நடுக்கட்டம் பளிச்சென்று தெரிகின்றதா? உள்ளே வெள்ளிப்பூச்சு மங்கியிருந்தால் பிம்பம் நிழல்போலிருக்கும், வாங்க வேண்டாம். இரண்டாவது, லென்ஸை எல்லையின்மைக் குறியில் நிறுத்தித் தொலைவிலுள்ள கைப்பேசிக் கோபுரம் ஒன்றைப் பாருங்கள். கோபுரம் ஒன்றாகத் தெரிய வேண்டும். பக்கவாட்டில் இரண்டாகத் தெரிந்தாலும், ஒன்றின்மேல் ஒன்று ஏறித் தெரிந்தாலும் அது சீர்செய்யப்பட வேண்டியது. அச்செலவை விலையிற் கழித்துக் கேளுங்கள். மூன்றாவது, ஒரு மீட்டரில் ஓர் அளவுநாடாவைச் சாய்வாக வைத்து, நடு எண்ணுக்குக் குவியம் வைத்து, முழுத்திறப்பில் ஒரு படம் எடுத்துக் கழுவிப் பாருங்கள். கடைக்காரர் சிணுங்கினால், பிலிம் உங்களுடையது என்று சொல்லுங்கள். தெருக்கோடி விளக்குக் கம்பத்தைக் காட்டி ‘அதுவே போதும் தம்பி’ என்பார். போதாது. அது ஐம்பது மீட்டர்கூட இராது.